மிதிவண்டிக்கும் அளவு உண்டு

செருப்பு வாங்கப் போனால் காலை நுழைத்துப் பார்க்காமல் எவரும் வாங்குவதில்லை. பெருநாளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் தோளையும் கையையும் அளந்த பிறகே துணியில் கத்தரியை வைக்கிறார். தலையில் வைக்கும் தொப்பிக்குக்கூட எண் பார்த்து வாங்குகிறோம். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மிதிவண்டி வாங்கச் செல்லும்போது மட்டும் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், பக்கத்து வீட்டுப் பையன் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறோம். அது ஓட்டுபவரின் உடலுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்ப்பதில்லை. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அதனால் என் பிள்ளை ஒருவன் கையில் மாவுக்கட்டுடன் இருந்ததையும் கண்டிருக்கிறேன். அந்த அனுபவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

குரங்குப் பெடல் காலம்

எங்கள் சிறுவயதில் வீட்டுக்கு ஒரு மிதிவண்டி இருந்தால் அதுவே பெரிய செல்வம். அது வாப்பாவின் வண்டி. அதன் பார் எங்கள் நெஞ்சு உயரத்திற்கு நிற்கும். இருக்கையில் ஏறினால் கால் பெடலை எட்டாது. ஆகவே பாருக்குக் கீழே உள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலைக் கோணலாக வளைத்துக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்போம். அதற்குக் 'குரங்குப் பெடல்' என்று பெயர். முழங்காலில் காயம் இல்லாத பிள்ளை அக்காலத்தில் எங்கள் தெருவில் இல்லை.

கையில் கொஞ்சம் சில்லறை கிடைத்தால் வாடகை சைக்கிள் கடைக்கு ஓடுவோம். அங்கே கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ அரை வண்டி எடு, இவன் கால் வண்டி எடுக்கட்டும்" என்பார். எழுத்தறிவு அதிகம் இல்லாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்த உண்மை, படித்தவனாகிய எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கியது. ஆளுக்கு ஒரு வண்டி என்பதே அவ்வுண்மை.

அளவு பார்ப்பது புதிதன்று

இது இக்காலத்து நாகரிகம் என்று எண்ணிவிட வேண்டாம். 1870களில் ஐரோப்பாவில் முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த மிதிவண்டிகள் ஓடின. பெடல்கள் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். ஆனால் ஓட்டுபவரின் கால் பெடலை எட்ட வேண்டுமே! எனவே காலின் நீளத்தைப் பார்த்தே சக்கரத்தின் அளவைத் தேர்ந்தெடுத்தனர். நெட்டையானவர்கள் 50 அங்குலத்திற்கும் மேற்பட்ட சக்கரத்தில் ஏறினர். குட்டையானவர்கள் சிறிய சக்கரத்தோடு நின்றுகொண்டனர்.

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற மிதிவண்டியை உருவாக்கினார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தைச் சங்கிலி இழுத்தது. இன்று நாம் ஓட்டும் வண்டிகளின் மூதாதை அதுவே. அதற்குப் பின் அளவு என்பது சக்கரத்தை விட்டுச் சட்டத்திற்கு, அதாவது ஃபிரேமுக்கு, மாறிவிட்டது.

நம் நாட்டில் பல்லாண்டுகளாக ஓடிய கறுப்பு நிறக் கனத்த வண்டிகளில் பெரும்பாலும் 22 அங்குலச் சட்டமும் 24 அங்குலச் சட்டமுமே கிடைத்தன. 22 அங்குலம் என்பது ஏறத்தாழ 56 சென்டி மீட்டர். நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு அது சற்றுப் பெரிய சட்டமே. ஆயினும் அதனால் பெரிய துன்பம் நேரவில்லை. காரணம், அவ்வண்டியின் ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வந்திருக்கும். இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டலாம். கை எட்டவில்லை என்ற குறையே எழாது.

இன்று இளைஞர்கள் விரும்பும் 'ரோடு பைக்' அப்படிப்பட்டதன்று. மெல்லிய டயர், ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், உயர்ந்த இருக்கை. ஓட்டுபவர் முன்னே குனிந்து, உடலின் பாரத்தை இருக்கை, பெடல், கை ஆகிய மூன்றிடத்திலும் பகிர்ந்து வைக்கிறார். இந்த வண்டியில் சட்டம் இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் உடல் உடனே முறையிடும்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற தப்புக்கணக்கு

என் இளைய மகனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்குப் பொருத்தமானது 20 அங்குலச் சக்கரமுள்ள வண்டி. கடைக்காரர், "ஹஜரத், வளர்கிற பிள்ளை, பெரிதாக எடுத்துக்கொண்டால் நாலு வருஷம் ஓடும்" என்றார். குடும்பச் செலவை எண்ணிப் பார்க்கும் எனக்கு அந்தப் பேச்சு தேனாக இனித்தது. 24 அங்குல வண்டியை வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் தெருமுனையில் ஓர் ஆடு குறுக்கே வந்திருக்கிறது. அவனுடைய சிறிய விரல்கள் பிரேக் பிடியை முழுமையாக எட்டவில்லை. காலை ஊன்றி நிறுத்தலாம் என்றால் நுனிக்கால்கூடத் தரையைத் தொடவில்லை. வண்டியோடு சாய்ந்தான். கையை ஊன்றியதில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. அன்றிரவு என் மனைவி அவன் தலைமாட்டில் அமர்ந்தபடி, "என்னங்க, செருப்பு வாங்கும்போது இரண்டு அளவு பெரிதாகவா வாங்கிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. நான்கு ஆண்டுக்கு மிச்சம் பிடித்த பணம் ஒரே மாலையில் மருத்துவத்திற்குப் போயிற்று. அல்ஹம்துலில்லாஹ், கை நேராகக் கூடிவிட்டது. ஆனால் அதன் பிறகு ஓராண்டு வரை அவன் மிதிவண்டியைத் தொடவே அஞ்சினான். கை கூடிய பின்னும் அந்த அச்சம் தங்கியிருந்ததே எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

பெற்றோர் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிறுவர் வண்டியைச் சக்கரத்தின் அளவால் குறிப்பிடுகிறார்கள்: 12, 16, 20, 24 அங்குலம் என்று. வயதைப் பார்ப்பதைவிடப் பிள்ளையை ஏற்றிப் பார்ப்பதே சிறந்தது. இருக்கையில் அமர்ந்த நிலையில் இரண்டு கால்களின் முன்பாதமாவது தரையில் ஊன்ற வேண்டும். விரல்கள் பிரேக்கை எளிதாகப் பற்றி இழுக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் அவ்வண்டி அப்பிள்ளைக்கு உரியதன்று. ஓரிரு ஆண்டில் சிறிதாகிப் போனால் தம்பிக்கோ தங்கைக்கோ, உறவினர் பிள்ளைக்கோ கொடுக்கலாமே. வீணாவதற்கு அதில் என்ன இருக்கிறது?

வீட்டிலேயே அளக்கும் முறை

பல ஆண்டுகள் கழித்து என் மூத்த மகன் கல்லூரியில் சேர்ந்தான். தான் சேர்த்த பணத்தோடு நானும் கொஞ்சம் போட்டால் ரோடு பைக் ஒன்று வாங்கலாம் என்றான். ஏற்கெனவே சூடு கண்டவன் ஆதலால், கடைக்குப் போகுமுன் அளவெடுப்போம் என்றேன். அவன் சிரித்தான். ஆயினும் சுவரோரம் வந்து நின்றான்.

அளக்கும் முறை எளிது. செருப்பில்லாமல் சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களை ஒரு சாண் அகலத்திற்கு விலக்கி நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட கணக்குப் பேரேடு ஒன்றை எடுத்து, அதன் முதுகுப்புறம் மேலே இருக்குமாறு காலிடுக்கில் வைத்து, இருக்கையில் அமர்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே தூக்க வேண்டும். பேரேட்டின் ஓரம் சுவரை ஒட்டி நேராக இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, தரையிலிருந்து கோடு வரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி காண்பது நல்லது. இதுவே காலின் உள்நீளம். தையற்காரர் கால்சட்டைக்கு எடுக்கும் அளவு இதைவிடக் குறைவாக இருக்கும். அதை வைத்துக் கணக்கிடக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தாயார் வீட்டுக்குள்ளேயே இவ்வாறு அளந்து, எண்ணை மட்டும் தாளில் குறித்துக் கடைக்கு அனுப்பலாம்.

இந்த எண்ணிலிருந்து சட்டத்தின் அளவைக் கணக்கிடும் முறையொன்று பந்தய வீரர்களிடையே பரவியது. 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் பெயரால் அது அறியப்படுகிறது. காலின் உள்நீளத்தை 0.65ஆல் பெருக்கினால் சட்டத்தின் அளவு கிடைக்கும். அதே நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை உள்ள உயரம் கிடைக்கும்.

என் மகனின் உயரம் 170 செ.மீ. காலின் உள்நீளம் 79 செ.மீ. 0.65ஆல் பெருக்க 51.35 வந்தது. அதாவது 51 அல்லது 52 சட்டம். இருக்கையின் உயரம் ஏறத்தாழ 69.8 செ.மீ. காகிதத்தில் இவ்விரண்டு எண்களையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உயரத்தை மட்டும் கொண்டு ஓரளவு கணிப்பதும் உண்டு. 160 முதல் 165 செ.மீ. உயரத்தினருக்கு ஏறத்தாழ 50. 165 முதல் 170 வரை 52. 170 முதல் 175 வரை 54. 175 முதல் 180 வரை 56. அதற்கு மேல் 58 என்பது பொதுவான வழக்கம். ஆனால் இவை தொடக்கக் கணக்குகளே. தீர்ப்பாகக் கொள்ளத் தக்கவை அல்ல.

எண்ணில் ஒரு சூட்சுமம்

சட்டத்தின் மீது 54 என்று எழுதியிருந்தால் அது எதன் நீளம்? பழைய வழக்கப்படி இருக்கைக் குழாயின் நீளம். சிலர் அச்சின் மையத்திலிருந்து குழாயின் மேல்விளிம்பு வரை அளக்கிறார்கள். சிலர் பாரின் மையம் வரை மட்டுமே அளக்கிறார்கள். இரண்டுக்கும் ஓரிரு சென்டி மீட்டர் வேறுபாடு வரும். ஆகவே ஒரு நிறுவனத்தின் 54, மற்றொன்றின் 54 ஆகாது.

1990களின் பிற்பகுதியில் தைவான் நாட்டின் ஜயன்ட் நிறுவனம் பின்னோக்கிச் சரிந்த பார் கொண்ட சட்டங்களைப் பந்தய வண்டிகளில் பரப்பியது. பார் சரிந்தால் இருக்கைக் குழாய் குறுகிவிடும். அப்போது குழாயின் நீளத்தைக் கொண்டு சட்டத்தின் உண்மையான அளவை அறிய இயலாது. எனவேதான் இன்று பலர் சிறியது, நடுத்தரம், பெரியது என்று குறிக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாக இரண்டு அளவுகள் வழக்கில் வந்துள்ளன. பெடல் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில் பொருந்தும் தலைக்குழாயின் உச்சி செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஒன்று. இதை 'ஸ்டாக்' என்பர். அதே இடத்திலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரம் முன்னே இருக்கிறது என்பது மற்றொன்று. இதை 'ரீச்' என்பர். எழுதியிருக்கும் எண் எதுவாயினும் இவ்விரண்டும் பொய் சொல்லா. ஸ்டாக் மிகுந்தால் நிமிர்ந்து ஓட்டலாம். ரீச் மிகுந்தால் உடலை நீட்டிக் குனிய வேண்டும்.

ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீண்டும் மற்றவருக்கு உடல் நீண்டும் இருக்கலாம். கால் நீண்டவர் பெரிய சட்டம் வாங்கினால் இருக்கை சரியாக அமையும். ஆனால் கை எட்டாது. ஆகவே காலைப் போலவே கையையும் முதுகையும் கருத வேண்டும். ஆணா பெண்ணா என்பதைக் கொண்டு முடிவு செய்வதைவிட, அவரவர் உடலின் அளவைக் கொண்டு முடிவு செய்வதே முறை.

கடையில் நடந்தது

நாங்கள் முதலில் சென்ற கடையில் 56 சட்டம் ஒன்றே இருந்தது. பளபளக்கும் சிவப்பு. சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். "சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்றார் விற்பனையாளர். மகனின் கண்களில் ஆசை தெரிந்தது. நான் அவனைப் பாரின் இருபுறமும் காலை வைத்து நிற்கச் சொன்னேன். இரண்டு முதல் ஐந்து சென்டி மீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் பார் அவன்மேல் அழுந்தியது. ஹேண்டிலைப் பிடித்தபோது முழங்கை விறைத்து நின்றது, வளைய இடமில்லை.

"வேண்டாம்" என்றேன். வீடு வரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

அன்றிரவு என் சகோதரியின் மகனை வரவழைத்தேன். அவனும் முன்னர் ஒரு ரோடு பைக் வாங்கியவன். இரண்டு அளவு பெரிய சட்டம். அவன் தன் கதையை மைத்துனனிடம் சொன்னான். அரை மணி நேரம் ஓட்டினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பிடரி வலிக்கும். எட்டாத ஹேண்டிலை எட்டுவதற்காக இருக்கையை முன்னே தள்ளினான்; அப்போது முழங்கால் வலி புதிதாக வந்தது. ஹேண்டிலைத் தாங்கும் தண்டைக் குட்டையாக மாற்றினான். வண்டி திருப்பங்களில் பதற்றமாக ஓடியது. இறுதியில் பாதி விலைக்கு விற்றுவிட்டான். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் விளையாத பயன், பாதிக்கப்பட்டவனின் பத்து நிமிடப் பேச்சில் விளைந்தது.

மூன்று வாரம் காத்திருந்து, வேறொரு கடையில் 52 சட்டம் கிடைத்தது. நிறம் அவன் விரும்பியதன்று, வெறும் சாம்பல். ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவன் முகத்தைப் பார்த்தேன். நிறத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை.

வாங்கிய பின் பொருத்துதல்

சரியான சட்டம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. இருக்கையில் அமர்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுதும் நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு வளைவு இருக்கும். அதுவே ஏற்ற உயரம். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் இருக்கை மிக உயரம். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கலாம். பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கலாம். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இருக்கைத் தண்டில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அக்கோடு குழாய்க்கு வெளியே தெரியும்வரை தண்டை இழுக்கலாகாது. இழுத்தால் தண்டோ சட்டமோ முறியக்கூடும். அவ்வளவு உயர்த்தியும் போதவில்லை என்றால், சட்டம் சிறிது என்று பொருள்.

இரண்டு அளவுகளுக்கு நடுவே நிற்பவர்கள் பெரும்பாலும் சிறியதைத் தேர்வது நல்லது. சிறியதைத் தண்டு மாற்றிச் சற்று நீட்டலாம். பெரியதைச் சுருக்க வழி இல்லை. முதுகுவலி உள்ளவர்கள் மட்டும் ஸ்டாக் மிகுந்த சட்டத்தை நாடுவது நலம்.

யாருக்கு எந்த வண்டி?

எல்லாருக்கும் ரோடு பைக் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அரிசி மூட்டை ஏற்றும் வண்டிக்கு வளைந்த கொம்பு எதற்கு? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆண்கள் வண்டியையே எடுத்து ஓட்டினார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். குழந்தையைப் பாரில் உட்கார வைத்துக்கொள்ளலாமே! வண்டியின் அளவு என்பது உடலுக்கு மட்டுமன்று, வாழ்க்கைக்கும் பொருந்த வேண்டும் என்பதை அவர்கள் நமக்குக் காட்டினார்கள். நீண்ட ஆடை அணியும் நம் வீட்டுப் பெண்களுக்குப் பார் தாழ்ந்த சட்டமும், சங்கிலியை முழுதும் மூடும் உறையும், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் வலையும் தேவை. இவற்றையும் அளவோடு சேர்த்தே கருத வேண்டும்.

நினைவிற் கொள்ள

கடைக்குப் போகுமுன் காலின் உள்நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
பாரின் மேல் நின்று இடைவெளி பாருங்கள். ஹேண்டிலைப் பிடித்து முழங்கை தளர்வாக வளைகிறதா என்று பாருங்கள்.
ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.
தள்ளுபடிக்காகவும் நிறத்திற்காகவும் அளவை விட்டுக்கொடுக்காதீர்கள்.
பிள்ளைகளுக்கு இன்றைய உயரத்திற்கே வாங்குங்கள். நாளைய உயரத்திற்கு அன்று.

என் இளைய மகன் இப்போது அண்ணனின் தோளுக்கு வளர்ந்துவிட்டான். சென்ற மாதம் ஒருநாள் அவனாகவே கணக்குப் பேரேட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்று, "வாப்பா, என்னை அளங்கள்" என்றான். முறிந்து கூடிய அந்தக் கையால்தான் பேரேட்டைப் பிடித்திருந்தான். பென்சிலை எடுத்துக் கோடிட்டேன். அவன் அண்ணனுக்கு அன்று போட்ட கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை கீழே இருந்தது. இன்ஷா அல்லாஹ், அவனுக்கும் அவன் அளவுக்குரிய வண்டி வரும். இம்முறை நான் அவசரப்படப் போவதில்லை.